ஒரே நெற்குத்தில் குட்டை இறக்கையும் நீள இறக்கையும்: புகையான் ஒன்றா, இரண்டா?

கதிர்_நல்லேப்பிள்ளி
டிசம்பர் 27, இரவு 8.40

இரண்டாம் போகம் பொன்மணி நெல் நட்டு எழுபது நாள் தாண்டிவிட்டது. நேற்று மாலை மடை திருப்பப் போனபோது, மடையை ஒட்டிய பாத்தியில் கணுக்காலில் தவிடு ஒட்டியதுபோல் ஏதோ ஊர்ந்தது. குனிந்து நாலைந்து குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நெற்கொத்துகளை) விலக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, தண்டைச் சுற்றிலும் பழுப்புப் பூச்சிகள். அவற்றில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று ஒல்லியானது, கண்ணாடித்தாள் போன்ற இறக்கை வயிற்றைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று குள்ளம், வயிறு பருத்து, இறக்கை பாதி முதுகிலேயே நின்றுவிட்டது. கைக்குழந்தையின் சட்டையைப் பெரிய பிள்ளைக்கு மாட்டிவிட்டதுபோல் இருக்கிறது.

மருந்துக் கடையில் படத்தைக் காட்டினேன். “இரண்டும் வேறு வேறு பூச்சி, தனித்தனி மருந்து வேண்டும்” என்று இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். வாங்கி வந்துவிட்டேன், இன்னும் அடிக்கவில்லை. களத்தில் விளக்குப் பொறி வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக அதில் நாலைந்துக்கு மேல் விழவில்லை. அதனால்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். இவை உண்மையிலேயே இரண்டு பூச்சியா? கேரள வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் முஞ்ஞை என்று சொல்வதும் நாம் புகையான் என்று சொல்வதும் ஒன்றா, அதுவும் வேறா?


பனங்காடு_ஒழலப்பதி
டிசம்பர் 27, இரவு 9.15

முஞ்ஞையும் புகையானும் ஒன்றுதான் தம்பி. மலையாளத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். நீளமானது ஆண், குள்ளமானது பெண். என் அப்பா அப்படித்தான் சொல்வார். வயிறு பருத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 27, இரவு 10.02

கதிர் அண்ணா, அந்தப் புட்டிகளைத் தயவுசெய்து திறக்காதீர்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு காலையில் வயலில் இறங்குங்கள். குத்தின் அடியில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, தண்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினால் பூச்சிகள் தட்டில் விழும். உருப்பெருக்கும் கைக்கண்ணாடி இருந்தால் பின்னங்காலைப் பாருங்கள். காலின் நடுக்கணுவுக்குக் கீழே, பாதம் தொடங்கும் இடத்தில், சேவலின் காலில் இருப்பதுபோல் அசையக்கூடிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நீள இறக்கைக்கும் அது இருக்கும், குட்டை இறக்கைக்கும் இருக்கும்.

முதுகில் வெள்ளைக் கோடு இருந்தால் அது வெண்முதுகுத் தத்துப்பூச்சி; அதுதான் வேறு இனம். பச்சையாக இருந்து பக்கவாட்டில் தத்தினால் அது பச்சைத் தத்துப்பூச்சி, அதுவும் வேறு. பழுப்பாகவே இருந்து இறக்கை மட்டும் நீளம் குட்டை என்று மாறினால், நீங்கள் பார்த்தது ஒரே இனம், புகையான். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே இரண்டும் வரும்.

ஒழலப்பதி ஐயா, உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி. வயலில் குட்டை இறக்கையோடு கண்ணில் படுவதில் பெரும்பகுதி பெண்தான். ஆனால் நீள இறக்கைப் பெண்ணும் ஏராளம். குட்டை இறக்கை ஆணும் உண்டு. இறக்கையை வைத்து ஆண் பெண் பிரித்தால் கணக்கு தவறிவிடும்.


கதிர்_நல்லேப்பிள்ளி
டிசம்பர் 28, காலை 9.30

ஆறு மணிக்கே இறங்கிவிட்டேன். தாளிக்கும் கரண்டி மாதிரி பிடி வைத்த பழைய பீங்கான் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது, அதைக் கொண்டு போனேன். மொத்தம் இருபது குத்து தட்டினேன். மடை ஓரப் பாத்தியில் குத்துக்கு அறுபதுக்குக் குறையவில்லை. எண்ணுவதற்குள் தட்டை விட்டுத் தத்திப் போய்விடுகின்றன. மற்ற பாத்திகளில் சராசரியாக இருபது, இருபத்திரண்டு. வெள்ளைக் கோடு ஒன்றிலும் இல்லை. காலில் முள் இருக்கிறது. என் மகளின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். குள்ளமாக இருப்பது குஞ்சாக இருக்கலாம் அல்லவா? வளர்ந்த பிறகு இறக்கை நீளுமோ?


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 28, மாலை 6.20

மிகச் சரியான கேள்வி. குஞ்சுக்கு இறக்கை இருக்காது. இறக்கை வரப்போகும் இடத்தில் மொட்டு மட்டும் இருக்கும், இரண்டு சிறிய செதில் போல, ஒளி ஊடுருவாமல். குட்டை இறக்கைப் பூச்சிக்கு உண்மையான இறக்கையே இருக்கிறது. கண்ணாடி வழியே நரம்பு ஓடுவது தெரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து முதிர்கிறது. கடைசித் தோலை உரித்ததும் எந்த இறக்கை வந்ததோ அதுவே ஆயுளுக்கும். அதற்குப் பிறகு நீளாது.

எந்த இறக்கை வரும் என்பது குஞ்சாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நெல் இளசாக, சாறு நன்றாக ஓடுகிறது, கூட்டமும் இல்லை என்றால் குட்டை இறக்கை வருகிறது. குத்தில் நெரிசல் கூடினால், நெல் முதிர்ந்து கதிரைப் பழுக்க வைக்கத் தொடங்கினால், நீள இறக்கை மிகுகிறது. நெரிசலில் வளர்ந்த குஞ்சு புறப்படத் தயாராகிறது. வசதியான இடத்தில் வளர்ந்த குஞ்சு அங்கேயே குடியிருக்கத் தயாராகிறது.

உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது என்பதைச் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். நமக்குச் சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது வரும் அதே இன்சுலின் வகைச் செய்திதான் இங்கும் வேலை செய்கிறது. அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகள் புகையானுக்கு இரண்டு. முதல் ஏற்பி வேலை செய்தால் இறக்கை நீளமாக வளரும். இரண்டாவது ஏற்பி முதலாவதைத் தடுத்துப் பிடிக்கும்; அப்போது இறக்கை குட்டையாக நின்றுவிடும். முதிர்ந்த நெல்லில் குளுக்கோஸ் கூடுவது நீள இறக்கைக்குத் தூண்டுதல் என்று 2018-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. நெல்லுக்கு வயதாகிவிட்டது என்ற சேதி சாற்றின் இனிப்பு வழியாகப் பூச்சிக்குப் போய்ச் சேருகிறது. முதன்முதலில் படித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இறக்கைக்கு விலை உண்டு. பறக்கும் தசையை வளர்க்கச் செலவாகும் சத்து முட்டைக்குப் போகாது. நீள இறக்கைப் பெண் முதிர்ந்த பிறகும் சில நாள் கழித்தே முட்டையிடத் தொடங்கும். குட்டை இறக்கைப் பெண் சீக்கிரமே தொடங்கிவிடும், அதிகமாகவும் இடும். இலையுறையைக் கீறிப் பாருங்கள். வாழைப்பழச் சீப்பு மாதிரி வரிசையாக முட்டைகள் பதிந்திருக்கும்.

இப்போது உங்கள் விளக்குப் பொறிக்கு வருகிறேன். விளக்கைத் தேடி வருவது பறக்கக்கூடியது மட்டும்தான். குட்டை இறக்கை ஒருபோதும் விளக்குக்கு வராது. வயலின் அடியில் அது குடியேறிப் பெருகிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு வாரங்களில் பொறி வெறுமையாகவே இருக்கும். பொறி நிறையத் தொடங்கும் நாளில், பெருகி முடித்துப் புறப்படும் தலைமுறையைத்தான் அது காட்டுகிறது. பொறியை நம்பி யாரும் தண்டைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


டீச்சர்_வேலந்தாவளம்
டிசம்பர் 28, இரவு 8.05

மலர், இதைப் படித்ததும் என் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் போய் நின்றேன். அங்கே முட்டையிட வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கறிவேப்பிலை அழகி என்று பெயர். ஆண் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு உடை, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை. பெண்ணோ மூன்று கோலத்தில் வருகிறது. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டுகளும் கொண்டு ரோசா அழகியைப் போல வரும். மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. அதை எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு அழகிகளின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று உடம்பில் நஞ்சைச் சேர்த்துக்கொள்பவை. பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத இந்தப் பெண் அவற்றின் உடையை உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது. உடையை மாற்றலாம், உடம்பை மாற்ற முடியவில்லை: அசல் அழகிகளின் உடல் சிவப்பு, இதன் உடல் கறுப்பு. என் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் அடையாளம் சொல்லிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், பறந்துகொண்டிருக்கும்போதே “கறுப்பு உடம்பு, டீச்சர்!” என்று கத்தினான்.

இதுவும் புகையானைப் போல உணவையும் நெரிசலையும் பார்த்து முடிவாவதா?


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 28, இரவு 9.40

இல்லை டீச்சர். உங்கள் வண்ணத்துப்பூச்சிக்கு அது பிறப்பிலேயே எழுதப்பட்டது. டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்தான் பெண்ணின் கோலத்தை முடிவு செய்கின்றன என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே முதலான ஆய்வாளர்கள் காட்டினார்கள். புழு எதைத் தின்றாலும், வெயிலானாலும் மழையானாலும், அந்தப் பெண்ணின் இறக்கை மாறாது. புகையானிடம் இரண்டு இறக்கைக்குமான ஏற்பாடும் ஒரே உடம்பில் இருக்கிறது; எது வெளிப்படும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

சூழல் தேர்ந்தெடுக்கும் வண்ணத்துப்பூச்சியும் நம் நெல் வயலிலேயே இருக்கிறது. தலையில் இரண்டு கொம்போடு பச்சையாக ஒரு புழு நெல் இலையைத் தின்னுமே, கொம்புப் புழு, அதுதான் முதிர்ந்து அந்தி நேரத்தில் தத்தளித்துப் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியாகிறது. மழைக்காலத்தில் வருவதன் இறக்கையின் அடிப்பக்கத்தில் கண் போன்ற வட்டங்கள் வரிசையாக இருக்கும். கோடையில் வருவதற்கு அந்தக் கண்கள் ஏறக்குறைய மறைந்து, காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும். சருகுக்கு நடுவே உட்கார்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே இனம்தான், பருவத்துக்கு ஒரு சட்டை.


மாந்தோப்பு_முதலமடை
டிசம்பர் 29, காலை 7.00

எங்கள் மாமரத்து முசுறு எறும்புக் கூட்டில் பெரிய வேலையாள், சிறிய வேலையாள் என்று இரண்டு அளவு இருக்கிறது. சிறியது பெரியதில் பாதி. பெரியதுதான் வெளியே வந்து கடிக்கும், இலையை இழுத்துத் தைக்கும். இதுவும் இதே கதைதானா?


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 29, காலை 7.45

நெருங்கிய உறவு. சிறிய வேலையாள் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் அக்காள் தங்கைகள்தான், வேலைக்கு ஏற்ற உடம்பு. ராணி இறக்கையோடு பிறந்து, கலவிப் பறப்பு முடிந்ததும் அதைத் தானே உதிர்த்துவிடும். மழைக்கு மறுநாள் விளக்கடியில் ஈசல் இறக்கை குவிந்து கிடப்பதும் அதே பழக்கம்.


பனங்காடு_ஒழலப்பதி
டிசம்பர் 29, இரவு 8.30

அப்பா சொன்னதைத் திருத்தியதில் எனக்கு வருத்தமில்லை அம்மா. அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தவரல்ல. ஆனால் இன்னொன்றும் அவர் சொல்வார். 1973, 74-இல் குட்டநாட்டில் புகையான் விழுந்து வயல் வயலாகக் கருகியபோது அவர் அங்கே கதிர் அறுக்கப் போயிருந்தார். அரிவாளோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பச்சை வயலின் நடுவே வட்டமாக, நெருப்பு வைத்துப் புகைந்து அணைந்த இடம் மாதிரி இருந்ததாம்; நாலு நாளில் அந்த வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டனவாம். இந்தப் பூச்சிக்குப் புகையான் என்று யார் பெயர் வைத்தாரோ, அவர் அந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

காற்றோடு வரும், காற்றோடு போகும் என்றும் சொல்வார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழியில் கிழக்குக் காற்று எப்படி வீசும் என்று நமக்கெல்லாம் தெரியும். பனை ஓலை இரவு முழுக்கச் சடசடக்கும். இத்தனை சிறிய பூச்சியைக் காற்று எவ்வளவு தூரம் கொண்டு போகும்?


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 29, இரவு 10.10

கடலையே தாண்டும் ஐயா. ஜப்பானின் குளிரைப் புகையான் தாங்காது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் செத்துப் போகிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் தென்சீனப் பக்கமிருந்து காற்றில் ஏறி மறுபடி வந்து இறங்குகிறது. 1967 ஜூலையில் பசிபிக் பெருங்கடலில், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நின்ற ஒரு வானிலைக் கப்பலைத் தத்துப்பூச்சிகள் திரளாக வந்து மொய்த்தன. அதன் பிறகுதான் இவை கடல் கடக்கின்றன என்பதை எல்லாரும் ஏற்றார்கள். வந்து இறங்குவதெல்லாம் நீள இறக்கை. இறங்கிய இடத்தில் அவை இடும் முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையில் குட்டை இறக்கை மிகும். 1732-இல் ஜப்பானின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்ததற்குத் தத்துப்பூச்சிகளே காரணம் என்று சொல்கிறார்கள். அங்கே அந்தக் காலத்தில் வயல் நீரில் திமிங்கில எண்ணெயைப் படரவிட்டு, பயிரைத் தட்டிப் பூச்சியை அதில் விழவைத்துக் கொன்றார்கள்.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1927-இல் தொடங்கிய பட்டாம்பி நெல் ஆய்வு நிலையம் தந்த பி.டி.பி. 33 என்ற ரகம் புகையானைத் தாங்கி நிற்பதற்குப் பேர் போனது. எதிர்ப்புத் தன்மை வேண்டுமென்று பல நாட்டு நெல் ஆய்வாளர்கள் ஒட்டுச் சேர்க்கத் தேடி எடுக்கும் தாய் அது. ஒழலப்பதியிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம்.


வரப்போரம்_கோபாலபுரம்
டிசம்பர் 30, காலை 6.50

நெரிசல் கூடினால் நீள இறக்கை முளைத்துத் தானாகவே போய்விடும் என்றால், நாம் ஏன் சிரமப்பட வேண்டும்? விட்டுவிட்டால் ஓய்ந்துவிடாதா?


மலர்விழி_பூச்சியியல்
டிசம்பர் 30, காலை 8.15

அண்ணா, அது போகும்போது உங்கள் தண்டில் சாறு இருக்காது. நீள இறக்கை மிகுதியாக வருகிறது என்றாலே அந்தக் குத்து தாங்காத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். போவதும் எங்கேயோ காட்டுக்கு அல்ல. இளசான நெல் எங்கே இருக்கிறதோ, அங்கே.

கதிர் அண்ணாவுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சி; இந்த அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் குத்தில் பதினைந்து தூர் என்று வைத்தால், சிலந்தி இருக்கும் பட்சத்தில் இருபத்திரண்டு பூச்சி என்பது இன்னும் எல்லைக்குள்தான். ஆகவே சிலந்தியை எண்ணுங்கள். தண்ணீரை வடித்துவிடுங்கள். வயலுக்குள் 8 அடிக்கு ஓர் இடத்தில் பயிரை இருபுறமும் ஒதுக்கி, 1 அடி பட்டம் பிரித்து, வெயிலும் காற்றும் அடித்தண்டுவரை போகவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள், சதைப்பிடிப்பான பச்சைத் தண்டுதான் இதற்கு விருந்து. வாங்கிய புட்டிகளில் ஒன்று பைரித்திராய்டு வகையாக இருந்தால் நெல்லில் அதைத் தொடவே வேண்டாம். அது சிலந்தியையும் முட்டையைக் குத்திக் குடிக்கும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிக்கும். இரண்டு வாரத்தில் முன்பைவிடப் பெருங்கூட்டமாகத் திரும்பி வரும்.


கதிர்_நல்லேப்பிள்ளி
ஜனவரி 11, இரவு 9.20

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

புட்டிகளில் ஒன்று பைரித்திராய்டுதான். இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மடை ஓரப் பாத்தி தவிர மற்ற இடங்களில் ஓநாய்ச்சிலந்தி குத்துக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு இருந்தது. பட்டம் பிரிக்க நானும் மனைவியும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். தண்ணீரை வடித்து, தரையில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகே மறுபடி பாய்ச்சினேன். மடை ஓரப் பாத்திக்கு மட்டும் கிருஷி பவனில் எழுதிக் கொடுத்த மருந்தை, கைத்தெளிப்பானின் மூக்கைத் தண்டின் அடிக்குத் திருப்பி அடித்தேன். இருந்தும் அந்தப் பாத்தியின் நடுவே ஒரு வண்டிச் சக்கரம் அளவு கருகிவிட்டது. ஒழலப்பதி ஐயா சொன்ன வட்டத்தை என் வயலிலேயே பார்த்துவிட்டேன். மற்ற பாத்திகளில் பால் பிடித்துக் கதிர் தலை சாய்கிறது. நேற்றுத் தட்டியதில் குத்துக்கு ஏழு, எட்டு.

இன்னொன்று. நாலு நாளாகக் களத்து விளக்கில் பூச்சி கொட்டுகிறது. காலையில் பொறித் தட்டில் உள்ளதைக் கையால் அள்ளலாம். என் மகள் கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நூறு எண்ணினாள். நூறும் நீள இறக்கை; ஒன்றுகூடக் குட்டை இல்லை.

காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. எங்கள் வயலுக்கு மேற்கே கால்வாயின் கடைமடையில் தண்ணீர் பிந்திக் கிடைத்து, பிந்தி நட்டவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் நெல் இப்போதுதான் தூர் கட்டி முடித்திருக்கிறது, அடர் பச்சையாக நிற்கிறது. மூன்று பேரிடம் தொலைபேசியில் பேசினேன். பொறியில் ஒன்றும் இல்லையே என்கிறார்கள். நாளை விடியலில் அந்தப் பீங்கான் தட்டையும் கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள்.